தலைமை அலுவலகத்தை இடம் மாற்றப் போகும் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டு நிறுவனங்களின் மதிப்புக்குரிய அறங்காவலர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே,

வணக்கம்.

வாடகை ஒப்பந்தம் முடியப் போகிற வருடத்தில் உங்கள் கூட்டத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "நாம் எதற்கு இவ்வளவு வாடகை கொடுத்துப் பெருநகரத்தில் உட்கார்ந்திருக்கிறோம்? பாதி வேலை இணையத்தில்தானே நடக்கிறது? சின்ன ஊர் ஒன்றுக்குப் போய்விட்டால் மிச்சமாகிற பணம் பயனாளிகளுக்குப் போய்ச் சேருமே." இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பயனாளிகளின் பெயரைச் சொன்ன பிறகு மறுத்துப் பேசுகிறவர் ஏசி அறைக்கு ஆசைப்படுகிறவரைப்போலத் தெரிவார். அதனால் எல்லோரும் தலையாட்டுவார்கள், தீர்மானம் நிறைவேறிவிடும்.

தொண்டு நிறுவனங்களின் கணக்கு வழக்குகளோடு பல வருடங்களாகப் புழங்குகிறவன் நான். அந்தக் கூட்டங்களில் யாரும் பேசாத எதிர்ப்பேச்சை இங்கே பேசிவிடலாம் என்று நினைக்கிறேன். என் கருத்து இதுதான்: இடத்தைப் பாதியாகக் குறையுங்கள், மேசைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்துக்குக்கூடப் போங்கள். நகரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். களப்பணி எங்கு வேண்டுமானாலும் நடக்கட்டும். நிறுவனம் காலூன்றி நிற்கும் இடம் பெரிய நகரமாக இருப்பதுதான் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் வாடகை. வாடகை செய்த பாவம், அது கணக்கில் தனி வரியாக வருவது. வருடக் கடைசியில் அந்த வரியைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். நகரத்தை விட்டுப் போவதால் வரும் செலவுகளுக்கோ அப்படி ஒரு வரி கிடையாது. பயணச் செலவு பத்துத் திட்டங்களின் தலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போய்விடும். நல்ல கணக்காளர் கிடைக்காமல் ஐந்து மாதம் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால், அது நஷ்டமாகத் தெரியாது. 'சம்பளத்தில் மிச்சம்' என்றுதான் அறிக்கையில் வரும். வந்திருக்கக்கூடிய ஒரு நிதியுதவி, அப்படி ஒன்று இருப்பதே தெரியாததால் வராமல் போனால், அது எந்தப் பேரேட்டிலும் இல்லை. தெரிகிற செலவைத் தெரியாத செலவோடு மாற்றிக்கொண்டு, சிக்கனம் செய்துவிட்டோம் என்று நாம் கை தட்டிக்கொள்கிறோம்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உங்கள் மொத்தச் செலவில் வாடகை நூற்றுக்கு ஆறு. இடம் மாறினால் இரண்டாகும். நூற்றுக்கு நான்கு மிச்சம். நல்ல தொகைதான். ஆனால் ஒரே ஒரு அனுபவமுள்ள திட்ட மேலாளர் "என்னால் வர முடியாது" என்று விலகி, அவர் பார்த்துக்கொண்டிருந்த திட்டத்துக்கான அறிக்கை தாமதமாகி, அடுத்த தவணைப் பணம் ஒரு காலாண்டு தள்ளிப் போனால், அந்த நான்கு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

ஆட்கள் விஷயத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பொருளியலில் ஒரு பழைய கருத்து உண்டு: ஒரே தொழில் செய்கிறவர்கள் ஓரிடத்தில் கூடினால், அந்தத் திறமை உள்ள ஆட்களும் அங்கே கூடுவார்கள், முதலாளிக்கும் ஆள் பஞ்சம் இல்லை, ஆளுக்கும் வேலைப் பஞ்சம் இல்லை. தொழிற்சாலைகளுக்காகச் சொல்லப்பட்ட அந்தக் கருத்து தொண்டு நிறுவனங்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். ஏனென்றால் நம் வேலை பெரும்பாலும் தற்காலிகமானது. மூன்று வருட நிதி, இரண்டு வருடத் திட்டம். நிதி முடிந்தால் வேலையும் முடிந்தது. பெருநகரத்தில் ஒருவர் அப்படிப்பட்ட வேலையைத் துணிந்து ஏற்பார். இது முடிந்தால் நாலு தெரு தள்ளி இன்னொரு நிறுவனம் இருக்கும். வீடு மாற வேண்டாம், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பிரிக்க வேண்டாம், கணவனோ மனைவியோ தன் வேலையை விட வேண்டாம். சிறிய ஊரில் அதே வேலையை ஏற்பது என்றால் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். சேவை மனப்பான்மை எவ்வளவு இருந்தாலும், இரண்டு வருட ஒப்பந்தத்துக்காக அதைச் செய்கிறவர்கள் குறைவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம், முழு நேரம் தேவைப்படாத திறமைகள். சிறிய நிறுவனத்துக்கு மாதத்தில் இரண்டு நாள் வழக்கறிஞர் வேண்டும், வாரத்தில் ஒரு நாள் தரவுகளைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும், வருடத்தில் நாலு தடவை சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். குறிப்பிட்ட காரியத்துக்கென்று வந்த நிதியையும் பொது நிதியையும் கலக்காமல் கணக்கு எழுதத் தெரிந்த ஆடிட்டர் வேண்டும். (வணிக நிறுவனக் கணக்கு மட்டுமே பார்த்துப் பழகிய ஆடிட்டரிடம் நம் புத்தகங்களைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் ஒரு பெரிய கதை உண்டு, வேண்டாம், அது வேறொரு நாளைக்கு.) இந்தத் துண்டு துண்டான தேவைகளுக்கு ஆள் கிடைப்பது பெருநகரத்தில்தான். அங்கே அந்த வழக்கறிஞருக்கு உங்களைப்போல் இருபது நிறுவனங்கள் இருக்கும். அத்தனை பேரும் சேர்ந்து அவருக்கு ஒரு பிழைப்பைத் தருகிறார்கள்.

வெவ்வேறு துறைக்காரர்கள் ஓர் ஊரில் இருப்பதால் பிறந்த நிறுவனங்களைப் பாருங்கள். 1961 மே மாதம் பீட்டர் பெனன்சன் என்ற லண்டன் வழக்கறிஞர், கருத்துக்காகச் சிறையில் கிடப்பவர்களைப் பற்றி 'தி அப்சர்வர்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். மற்ற நாட்டுப் பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு. பாரிஸில் 1971 டிசம்பரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பைத் தொடங்கியவர்கள் மருத்துவர்கள் மட்டும் அல்ல. பத்திரிகையாளர்களும் சேர்ந்தே தொடங்கினார்கள். சிகிச்சை தருவதோடு, கண்டதை வெளியே சொல்ல வேண்டும் என்ற அந்த அமைப்பின் குணத்துக்கு அந்தச் சேர்க்கை ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். சட்டம் தெரிந்தவரும் பத்திரிகை நடத்துகிறவரும் மருத்துவம் பார்க்கிறவரும் ஒரே ஊரில் நெருங்கி வாழாவிட்டால் இப்படிப்பட்ட கூட்டணிகள் எளிதில் அமையாது.

இப்போது பயனாளிகள் பக்கம் வருவோம். "பயனாளிகள் கிராமத்தில் இருக்கிறார்கள், அலுவலகம் எதற்கு நகரத்தில்?" என்ற கேள்வியில் பாதிதான் உண்மை. ஐ.நா. கணக்கின்படி 2007ஆம் ஆண்டு வாக்கிலேயே உலக மக்களில் பாதிப் பேருக்கு மேல் நகரவாசிகள் ஆகிவிட்டார்கள். ஏழ்மையும் அவர்களோடு நகரத்துக்கு வந்திருக்கிறது. 1889இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தைத் தொடங்கியபோது, குடியேறி வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிக்கே போய்க் குடியிருந்தார்கள். அகமதாபாத்தில் 1972இல் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கத்தை இலா பட் தொடங்கியதும், தலையில் சுமை தூக்கியும் தெருவில் காய்கறி விற்றும் பிழைத்த பெண்கள் அங்கே இருந்ததால்தான். முதலாளி என்று ஒருவர் இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எப்படி என்று கேட்டு முதலில் பதிவு செய்யவே மறுத்தார்கள். பக்கத்திலேயே ஒரு பெரிய நெசவுத் தொழிலாளர் சங்கம் இருந்தது. அதன் பெண்கள் பிரிவிலிருந்து கிளைத்ததால்தான் சேவாவுக்கு அந்த வாதத்தைத் தாங்கி நிற்கும் பலம் இருந்தது.

எண்ணிக்கை என்பதற்கே ஒரு தனி மதிப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அரிய நோய் என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: பத்தாயிரம் பேரில் ஐந்து பேருக்கு மேல் வராத நோய். அதாவது இரண்டாயிரத்தில் ஒருவர். அந்த எல்லையில் இருக்கும் ஒரு நோயை எடுத்துக்கொண்டால், 20,000 பேர் வாழும் ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். 50 லட்சம் பேர் வாழும் நகரத்தில் 2,500 பேர். பத்துப் பேருக்காக ஒரு பயிற்சி மையமோ பெற்றோர் சங்கமோ நடத்த முடியாது. 2,500 பேர் இருந்தால் முடியும். அங்கே கற்றுக்கொண்டதை அந்தப் பத்துப் பேருக்கும் கொண்டுபோக முடியும். காது கேளாத குழந்தைகள், அகதிகள், அரிதான ஒரு மொழி பேசும் குடியேறிகள் என்று எண்ணிக்கை குறைந்த எல்லோருக்கும் இதே கணக்குதான். அவர்களுக்காக வேலை செய்கிறவர்கள் நகரத்தை விட்டுப் போனால், தங்கள் மக்களை விட்டே போகிறார்கள்.

முகம் தெரியாமல் இருக்கும் வசதியும் உண்டு. நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வருகிற பெண்ணுக்கு அந்தக் குறைதான் பாதுகாப்பு. 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிஸ்ஸி தொடங்கிய பெண்கள் புகலிடம், இன்று உலகெங்கும் இருக்கும் புகலிடங்களுக்கு ஒரு முன்னோடி. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் அப்படி ஒரு வீட்டைத் தொடங்கினால், அது எங்கே இருக்கிறது என்பது ஒரே வாரத்தில் அந்தக் கணவனுக்கும் தெரிந்துவிடும்.

தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்கான தொலைபேசி உதவியும் லண்டனில்தான் வேர் பிடித்தது. 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார் தன் தேவாலயத்திலிருந்து அதை ஆரம்பித்தார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கவும் பேச்சுத் துணைக்கும் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். காத்திருந்தவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடம் பேசியதிலேயே ஆறுதலடைந்து, பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பிப் போனார்கள். அதைக் கவனித்த வாரா, மறு வருடமே அந்த வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி உருவானது. இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்க ஆள் வேண்டும் என்றால், முறை போட்டு வர நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வேண்டும். ஓய்வு பெற்றவர்கள், மாணவர்கள், இரவு வேலை முடித்து வருகிறவர்கள் என்று வெவ்வேறு நேரங்களில் ஓய்வாக இருக்கும் மக்கள் கூட்டம் ஒன்று அருகில் இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் பஸ்ஸும் ரயிலும் ஓடுகிற ஊராக இருந்தால் இன்னும் நல்லது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பணம் நகரத்தில் இருக்கிறது என்பதைவிட, பணத்தைப் பொதுக் காரியத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடுகள் நகரத்தில் பிறக்கின்றன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1914இல் கிளீவ்லாண்டில் ஃபிரெட்ரிக் காஃப் என்ற வங்கியாளர் ஒரு சிக்கலைக் கவனித்தார். என்றோ இறந்துபோன பணக்காரர்கள் எழுதிவைத்த உயில்கள், இன்று யாருக்கும் தேவைப்படாத காரியங்களில் பணத்தைப் பூட்டிவைத்திருந்தன. அப்படிப்பட்ட அறக்கொடைகளை ஒன்றாகச் சேர்த்து, ஊரின் அப்போதைய தேவைக்கேற்பச் செலவிட ஒரு குழு அமைத்தார். நகர மக்களுக்கான பொது அறநிதி என்ற யோசனை அங்கிருந்துதான் பரவியது. எந்த அறக்கட்டளை எதற்குப் பணம் தருகிறது என்ற விவரங்களைத் திரட்டிப் பொதுமக்கள் பார்க்க வைப்பதற்கென்றே 1956இல் நியூயார்க்கில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இன்று அந்த விவரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் ஒரு நிதி நிறுவனம் அடுத்த வருடம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது அறிவிப்பாக வருவதற்கு முன் பேச்சாக வருகிறது. பேச்சு நடக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் முன்பே தெரிந்துவிடுகிறது. இது நியாயமா என்றால் இல்லை. ஆனாலும் அப்படித்தான் நடக்கிறது.

நகரத்தின் மிச்சமும் ஒரு செல்வம்தான். ஜான் வான் ஹெங்கல் 1967இல் ஃபீனிக்ஸில் உணவு வங்கியைத் தொடங்கினார். கடைகள் ஒதுக்கிவிட்ட, ஆனால் சாப்பிடத் தகுந்த உணவைச் சேர்த்துவைத்துக் கொடுப்பதுதான் யோசனை. நியூயார்க்கில் 1982இல் சிட்டி ஹார்வெஸ்ட் அமைப்பு உணவகங்களில் மிஞ்சுவதைப் பசித்தவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான சமையலறைகள் ஓரிடத்தில் நெருக்கமாக இல்லாவிட்டால் ஒரு வண்டி ஓட்டுவதற்கான செலவுகூடக் கட்டாது. பழைய கணினி, மேசை நாற்காலி, அச்சகத்தில் மிஞ்சிய காகிதம், விடுமுறையில் காலியாகக் கிடக்கும் கல்லூரி வகுப்பறை என்று இதே வழியில் யோசித்துக்கொண்டே போகலாம்.

சரி, இதற்கெல்லாம் எதிராக நிற்கும் உதாரணங்களையும் பார்க்க வேண்டும். ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972இல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜ் கிராமத்தில் இருந்துகொண்டே உலகம் அறிந்த நிறுவனமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களைச் சூரிய மின்சாரத் தொழில்நுட்பம் கற்றவர்களாக்கியது. அங்கே கிராமம் வெறும் முகவரி அல்ல. படித்தவர்கள் கையில் அறிவு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதே அதன் கொள்கை. உங்கள் கொள்கையும் அதுவானால் தாராளமாகப் போங்கள், என் மடலை மடித்து வைத்துவிடுங்கள். ஆனால் வாடகைக்காகப் போகிறவர் திலோனியாவைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

ஜெனீவாவைச் சொல்லலாம். அந்த நகரத்தில் வாழ்பவர்கள் சுமார் 2 லட்சம் பேர்தான். மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் அது பெருநகரமே அல்ல. ஆனால் 1863இல் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்ட குழு அங்கே கூடியது. 1920இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகளின் கழகம் அங்கே குடியேறியது. அதன் பின் வந்த ஐ.நா. அலுவலகங்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான அமைப்புகள் சேர்ந்தன. அளவைவிட நெருக்கம்தான் வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் போக நினைக்கும் சின்ன ஊரில் அப்படி ஒரு நெருக்கம் இருந்தால் எனக்கு மறுப்பே இல்லை. நைரோபியும் அப்படித்தான். ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பை அங்கே வைப்பது என்று 1972இல் முடிவானது. 1978இல் குடியிருப்புக்கான அமைப்பும் வந்தது. இன்று அந்த வட்டாரத்தில் வேலை செய்யும் அமைப்புகளுக்கு அதுதான் சந்தை, பள்ளிக்கூடம், அரட்டைத் திண்ணை எல்லாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வறுமை ஒழிப்புக்காக வேலை செய்யும் ஆக்ஸ்ஃபாம் 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தது. சிறிய நகரம்தான், ஆனால் லண்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். பின்னாளில் அதன் சர்வதேசத் தலைமையகம் நைரோபிக்கு மாறியது. அதே மாதிரியான இன்னொரு அமைப்பான ஆக்‌ஷன்எய்ட் தன் சர்வதேசச் செயலகத்தை லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு மாற்றியது. பணக்கார நாடுகளில் உட்கார்ந்துகொண்டு ஏழை நாடுகளைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் அந்த மாற்றங்களுக்குச் சொல்லப்பட்ட நியாயம். நல்ல நியாயம். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் எது? இன்னொரு பெருநகரம்.

நகரத்துக்கு நோய்களும் உண்டு, அவற்றை மறைத்து வக்காலத்து வாங்க நான் வரவில்லை. தலைமை அலுவலகம் கொழுத்துப் போவது முதல் நோய். கருத்தரங்குக்குப் போய் வருவதே வேலையாகிவிடும். களத்தில் எவருக்கும் புரியாத மொழியில் புரபோசல் எழுதுவார்கள். களத்தில் இருக்கும் பெண் ஒருத்தி ஆயிரம் ரூபாய் செலவழிக்க மூன்று கையெழுத்துக்குக் காத்திருப்பாள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு உதவி ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் தலைநகர விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. வளாகத்தில் நடந்தன. உள்ளூர் அமைப்புகளில் பலவற்றுக்கு அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவதே சிரமமாக இருந்தது. போனாலும் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதே ஊரில் இருந்தும் வெளியே நிற்க வேண்டிய நிலை. நகரத்தில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த நோய்க்கு இடமாற்றம் மருந்தாகாது. அதிகாரத்தை மாற்றுவதுதான் மருந்து. பங்களாதேஷின் பிராக் என்ற தொண்டு அமைப்பைப் பாருங்கள். 1972இல் போருக்குப் பின் திரும்பி வந்த அகதிகளுக்கு உதவ, சுல்லா என்ற ஒதுக்குப்புறமான பகுதியில் ஃபஸ்லே ஹசன் ஆபேத் அதைத் தொடங்கினார். லண்டனில் தனக்கிருந்த ஃபிளாட்டை விற்ற பணம்தான் தொடக்க நிதி. தலைமையகம் டாக்காவில் வளர்ந்தது. வேலை ஆயிரக்கணக்கான கிராமங்களில் நடந்தது. ஆபேத் ஒரு கணக்காளர், அதற்கு முன் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்தின் நிதிப் பிரிவில் இருந்தவர். (எங்கள் சாதிக்காரர் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வது உண்டு, கணக்காளர் சாதியைச் சொல்கிறேன்.) நகரத்துத் தலைமையும் கிராமத்து வேலையும் ஒன்றை ஒன்று விழுங்காமல் இருக்க முடியும் என்பதை அவர் காட்டினார்.

ஆக, குறைக்க வேண்டியது சதுர அடியை. ஒவ்வொருவருக்கும் ஓர் அறை என்ற காலம் போய்விட்டது. பாதிப் பேர் வீட்டிலிருந்தோ களத்திலிருந்தோ வேலை பார்க்கும்போது, வாரத்தில் இரண்டு நாள் எல்லோரும் கூடும் ஓர் அறையும், பூட்டிவைக்க ஓர் அலமாரியும், பதிவுக்கு ஒரு முகவரியும் போதும். டொரண்டோவில் 2004இல் தொடங்கிய சமூகப் புத்தாக்க மையம் சிறிய அமைப்புகள் பல சேர்ந்து ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. அச்சு இயந்திரம், கூட்ட அறை, சமையலறை எல்லாம் பொது. அதில் வாடகை குறைவது ஒரு லாபம். அடுத்த மேசைக்காரர் என்ன செய்கிறார் என்று தெரிவது அதைவிடப் பெரிய லாபம். ஒரே பகுதியில் ஒரே மாதிரியான தையல் பயிற்சியை மூன்று நிறுவனங்கள் தனித்தனியாக நடத்தும் கூத்தை நானே பார்த்திருக்கிறேன். மூவரும் ஒரே மாடியில் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

மாநகராட்சி அதிகாரிகள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மும்பையில் 1984இல் தொடங்கிய ஸ்பார்க் அமைப்பு நடைபாதையில் வாழ்ந்த பெண்களோடு வேலை செய்ய உட்கார்ந்த இடம், பைகுலாவில் மாநகராட்சி மருந்தகம் ஒன்றின் கார் ஷெட். அங்கிருந்துதான் அடுத்த வருடம் நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தார்கள். அதுவரை எந்தக் கணக்கிலும் இல்லாத குடும்பங்கள் ஏட்டில் ஏறின. உங்களிடம் காலியாகக் கிடக்கும் ஷெட்டுகள் எத்தனை என்று ஒருமுறை பட்டியல் எடுத்துப் பாருங்களேன்.

அறங்காவலர்களே, உங்கள் வேலை முழுவதும் ஒரே மாவட்டத்தில், உங்களுக்குப் பணம் தருகிறவர்களும் அங்கேயே, ஊழியர்களும் அந்த ஊர்க்காரர்கள் என்றால் நீங்கள் நகரத்தில் இருப்பதுதான் வீண். இன்றே கிளம்புங்கள். மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். தீர்மானத்துக்குக் கை தூக்குவதற்கு முன், உங்கள் அலுவலகத்திடம் சில விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். இடம் மாறினால் கூட வரத் தயாராக இருப்பவர்கள் எத்தனை பேர்? அதைப் பெயர் எழுதாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும். கடந்த மூன்று வருடங்களில் வந்த நிதிகளைப் பற்றி முதலில் எங்கே, யார் வாயால் கேள்விப்பட்டீர்கள்? காசு வாங்காமலோ குறைவாக வாங்கியோ உங்களுக்கு வேலை செய்து தருகிற வழக்கறிஞர், மருத்துவர், வடிவமைப்பாளர் எல்லோரும் அலுவலகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள்? அறங்காவலர்களாகிய நீங்களே புது ஊரில் நடக்கும் கூட்டங்களுக்கு வருவீர்களா, அல்லது திரையில் முகம் காட்டிவிட்டு மைக்கை அணைத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு மட்டும் அலுவலகத்திடம் பதில் இருக்காது.

இந்த விவரங்களைத் திரட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒப்பந்தம் முடிய அவ்வளவு நாள் இல்லை என்றால், கட்டட உரிமையாளரிடம் ஆறு மாத நீட்டிப்பு கேட்டுப் பாருங்கள். வாடகைதாரர் இல்லாத இடம் அவருக்கும் நஷ்டம்தான், பேசினால் இறங்கி வரக்கூடும்.

அன்புடன்,
தொண்டு நிறுவனக் கணக்குகள் எழுதும் ஒருவன்